சாட்சியில் சொன்ன நிறம்

கடையிலிருந்து,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு தடவை போன் பண்ணினேன். எடுக்காதவனுக்குக் கடிதம்தான் போட முடியும். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார், அது ஒரு வசதி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி உன்னை வேலையிலிருந்து நீக்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு நீ தலைகீழாக நின்றாலும் கோப்பைத் திறக்கமாட்டார்கள். வக்கீலிடம் சொல்லி மனுவை எழுதி வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் குறி போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உத்தரவில் எழுதியிருப்பதை நீ முழுதாகப் படித்தாயா என்று எனக்குத் தெரியாது. உன் சுபாவத்துக்கு முதல் வரியோடு மடித்து வைத்திருப்பாய். நான் படித்தேன். எங்கள் சாலையில் கிளை மட்டும் கழிக்க வேண்டிய பத்தொன்பது மரங்களுக்கு, அடியோடு வெட்டச் சொல்லும் சிவப்பு வளையத்தை நீ வேண்டுமென்றே பூசினாயாம். அதில் பதினொன்று வெட்டப்பட்டுவிட்டனவாம். சாலைக் கோடியில் இருக்கும் உன் அக்காவின் பெயிண்டுக் கடைப் பலகை மறைவில்லாமல் தெரிய வேண்டும் என்பதுதான் காரணமாம். கவனக்குறைவு என்று எழுதியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். இவர்கள் உன்னைக் கள்ளன் என்று எழுதி முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். உன் மகள் நாளைக்குப் பெரியவளாகி அப்பா ஏன் வேலையை விட்டார் என்று கேட்டால், இந்தக் காகிதம்தான் பதில் சொல்லும்.

மனுவில் பழியை மரம் வெட்ட வந்த மேஸ்திரி மேல் போட்டிருக்கிறோம். பட்டியலைக் கேட்காமல் ரம்பத்தை எடுத்தார் என்று எழுதியிருக்கிறது. அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இல்லாத ஆள் மேல் போட்டால் யாருக்கும் வலிக்காது. இது வக்கீல் சொன்ன யோசனை. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

இங்கே செய்தி என்ன என்று கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நீ பார்த்துவந்த பூங்காக்களையும் தெரு மரங்களையும் சாக்கடைப் பொறியாளரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். மனிதர் நல்லவர். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். பெரிய பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் விடும் நேரத்தை உச்சி வெயிலுக்கு மாற்றிவிட்டார், அப்போதுதான் மோட்டார் காலியாக இருக்கிறதாம். வெட்டிய பதினொரு இடத்தில் கன்று வைத்தார்கள். மின்கம்பிக்கு நேர் கீழே, முப்பது அடி வளரும் ஜாதி. கன்றுக்குக் கயிறு கட்டாமல் இரும்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் அதே கம்பியை அவர் கழுத்தில் சுற்றியிருப்பாய். உன் மாமா போகிற போக்கில், "எல்லாம் காயட்டும், காஞ்சா பெயிண்டு அடிச்சிரலாம், நம்ம கடையிலதான் இருக்கே" என்றார். அவர் பேச்சு உனக்குத் தெரியுமே.

கடைப் பலகை இப்போது நாற்சந்தியிலிருந்தே தெரிகிறது. காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் இந்தச் சாலையில் ஆள் நடப்பதில்லை, யாருக்குத் தெரிந்து என்ன. எதிரே இருந்த டீக்கடைக்காரர் வெயில் தாங்காமல் இடம் மாறிவிட்டார். போகும்போது, "உன் தம்பி உனக்கு நல்லது பண்ணினான்மா, எனக்குத்தான் பண்ணல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள். நாலாயிரம் மரத்துக்கு எண் போட்டு, எந்த எண் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் சொன்னவன் நீ. அரசாங்க வேலை வேண்டாமென்றால் கடைக்கு வா. கிளைக்கடையை நீ பார்த்துக்கொள்.

விசாரணை நாளைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

குறையில்லாமல் இரு.

உன் அக்கா

*

வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

மனு திரும்பி வந்தது. நான் போட்ட பென்சில் குறி அப்படியே இருக்கிறது. அதன் பின்பக்கம் நீ எழுதியிருந்ததையும் படித்தேன். "மேஸ்திரி மேல் பொய் சொல்லி எனக்கு வேலை வேண்டாம் அக்கா. நடந்தது உனக்குத் தெரியும். மீதி எட்டு மரத்தை யாராவது பார்த்துக்கொண்டால் சரி." மூன்றே வரி. முன்பெல்லாம் மழை பெய்தால்கூட இரண்டு பக்கம் எழுதுவாய்.

கடிதத்தை உன் மாமா முதலில் பிரித்துவிட்டார். "நடந்தது உனக்குத் தெரியும்னு எழுதியிருக்கானே, என்ன தெரியும் உனக்கு" என்று கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடையில் வாடிக்கையாளர் முன்னால் மழுப்புவது போல இவரிடம் மழுப்ப முடியாது. சொல்லிவிட்டேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, எழுந்து போய் விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் என்னைக் கேலி பண்ணாமல் படுத்தது அன்றைக்குத்தான்.

உனக்கும் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் வரவில்லை என்பதுதானே உன் கணக்கு.

நீ மரத்து வளையத்துக்கு மஞ்சள் பெயிண்டு கேட்டு வந்த அன்று கடையில் மஞ்சள் இல்லை. லாரி வர இரண்டு நாள் ஆகும் என்று தெரியும். இரண்டு நாள் பொறு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. இந்தக் கடையை ஒரு மேஜையும் நாலு டப்பாவுமாக ஆரம்பித்த நாளிலிருந்து, வந்தவரைச் சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்பியதே கிடையாது. அதுதான் என் சாமர்த்தியம் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அடியில் கிடந்த பழைய மஞ்சள் பாதி டப்பா, யாரோ நிறம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த காவி கொஞ்சம், இரண்டையும் ஊற்றிக் கலக்கினேன். ஈரத்தில் மஞ்சளாகத்தான் இருந்தது. நீ குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது செவப்படிக்கிற மாதிரி இருக்கே" என்றாய். "காஞ்சா மஞ்சளாயிரும், எடுத்துட்டுப் போ. பெயிண்டைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா" என்றேன். வேறு கடைக்காரன் சொல்லியிருந்தால் நீ டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பாய். நான் சொன்னதால் தூக்கிக்கொண்டு போனாய்.

கலந்த பெயிண்டு காயும்போது கனமான நிறம் அடியில் தங்கும், லேசானது மேலே வரும். பழைய சரக்கில் எது மேலே வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் தலையில் கட்டினேன், அவ்வளவுதான்.

வளையத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். வெள்ளை என்றால் தொடாதே, மஞ்சள் என்றால் கிளையைக் கழி, சிவப்பு என்றால் அடியோடு எடு. வருகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு நம் எழுத்துப் படிக்கத் தெரியாது, பட்டியல் கொடுத்தால் அது வெற்றிலைக்கறையோடு திரும்பி வருகிறது என்று சொல்லி நீ கொண்டுவந்த முறை. ஆணையரே பாராட்டினார். நீ அன்று சாயங்காலமே பத்தொன்பது மரத்துக்கும் வளையம் பூசினாய், காய்வதற்குள் இருட்டிவிட்டது. மூன்று நாள் கழித்து வர வேண்டிய மரம் வெட்டும் ஆட்கள் மறுநாளே வந்தார்கள், வேறு ஊர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். நீ விடியும்போதே மலைப்பாதைக்குப் போய்விட்டாய். மழையில் படி அடித்துக்கொண்டு போயிருந்தது, அங்கே போன் எடுக்காது. மேஸ்திரி நல்ல மனுஷன், வளையத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். எழுத்தர், "செவப்புன்னா எடுக்க வேண்டியதுதானேய்யா, இதுக்குக்கூட கூப்பிடுவியா" என்று சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவர் மேல் பழி போடச் சொல்லி நான் உனக்கு மனு அனுப்பினேன். நீ கையெழுத்துப் போடாதது நல்லது.

ரம்பச் சத்தம் கேட்டு நான் கடை வாசலுக்கு வந்தபோது நாலாவது மரம் விழுந்துகொண்டிருந்தது. லாரியில் ஏற்றிய அடிமரத்தில் வளையத்தைப் பார்த்தேன். செங்கல் நிறம். அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் நிறுத்து என்று சொல்லியிருந்தால் ஏழு மரம் நின்றிருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் டப்பாவைக் கேட்பார்கள். அந்த வாரம்தான் பூங்கா பெஞ்சு, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரு வருஷத்துக்குப் பெயிண்டு கொடுக்கும் ஆர்டர் என் கைக்கு வருவதாக இருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நீ சேற்றுக் காலோடு ஓடி வந்து பன்னிரண்டாவது மரத்தின் முன்னால் நின்ற பிறகுதான் ரம்பம் நின்றது.

உனக்கு ஒரு மெமோ கொடுத்து விட்டுவிடுவார்கள், பிறகு மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தற்காலிக நீக்கம் வந்தபோது ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். பிறகு விசாரணை. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். "நீங்க குடுத்தது என்ன கலரும்மா" என்று விசாரணை அதிகாரி கேட்டார். மஞ்சள் என்று சொன்னேன். ஒரே வார்த்தைதான். அவர் உன் பக்கம் திரும்பினார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, "நான்தான் டப்பாவை மாத்தி எடுத்துட்டேன் சார்" என்றாய்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான், வேண்டுமென்றே மாற்றி எடுத்தான், அக்கா கடைக்காக எடுத்தான் என்று எழுதினார்கள். நீ என்னைக் காப்பாற்றினாய், அதையே உன் மேல் கயிறாகத் திரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வருவாய், திட்டுவாய் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதினைந்து நாளில் ஊரையே விட்டுப் போய்விட்டாய்.

புதன்கிழமை மலைப்பாதைக்குப் போனேன். நீ போட்ட பாதை. எட்டு வருஷத்தில் நான் ஒருநாள்கூட ஏறிப் பார்த்ததில்லை, கடை என்ன ஆகும் என்று. முழங்கால் வலியோடு பாதி வழி ஏறினேன். படிக்குப் படி குறுக்கே கல் பதித்துத் தண்ணீரைப் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறாய். மூச்சு வாங்குகிற இடம் பார்த்து மரக்கட்டை போட்டிருக்கிறாய். நான் உட்கார்ந்த கட்டையில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. படி அடித்துக்கொண்டு போன இடத்தில், மாற்று வழி காட்டப் பாறையில் ஏழு அம்பு வரைந்திருக்கிறாய். அன்றைக்குக் காலையில் மீதிப் பெயிண்டால் வரைந்தது. பாதை முழுக்க மற்ற அம்பெல்லாம் மஞ்சள். அந்த ஏழு மட்டும் செங்கல் சிவப்பு; மஞ்சள் என்று நம்பித்தான் வரைந்திருக்கிறாய். நீ டப்பாவை மாற்றி எடுக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். ஏழையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நான் செய்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே ஆணையரிடம் கொடுக்கப்போகிறேன். மனுவையும் வேறு மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இருக்காது.

குழந்தைக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். பார்த்துக்கொள்.

அக்கா

*

கடையிலிருந்து,
புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

ஆணையரைப் பார்த்தேன். வாக்குமூலத்தையும் போட்டோவையும் அடியில் காவி ஒட்டிக் கடையிலேயே கிடந்த பழைய டப்பாவையும் மேஜையில் வைத்தேன். கூட்டம் கூடும், காறித் துப்புவார்கள், கடையில் கல் விழும் என்று எட்டு மாதம் பயந்து செத்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாரும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. எழுத்தர் மட்டும், "போன தடவை மஞ்சள், இந்தத் தடவை சிவப்பு. அடுத்த தடவை நீலமாம்மா?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். இந்தச் சிரிப்புக்குப் பயந்தா உன்னை விற்றேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பெஞ்சு ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அது போகட்டும்.

ஆணையர் சொன்னது இதுதான். அக்கா தானாக வந்து எழுதிக் கொடுத்தால் அது வெறும் காகிதம். நீக்கப்பட்டவர் கையெழுத்தோடு மேல்முறையீடு வந்தால்தான் இதைச் சாட்சியாகச் சேர்க்க முடியும். அவன் கேட்காத நியாயத்தை நாங்கள் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உன் மனைவியிடம் பேசினேன். "படிச்சாரு, மடிச்சு வெச்சுட்டாரு. அக்கா நல்லா இருக்கட்டும்னு மட்டும் சொன்னாரு" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று நான் எழுதமாட்டேன். அவளுக்கும் சேர்த்துத்தான் நான் கெடுதல் பண்ணியிருக்கிறேன். நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் திரும்பத் திட்டவாவது தெரியும். நல்லா இருக்கட்டும் என்றால் நான் என்ன செய்வது.

சரி, உனக்காக நீ கையெழுத்துப் போடமாட்டாய். எனக்காகப் போடு என்று கேட்க எனக்கு யோக்யதை இல்லை. இப்போது நான் சொல்லப்போவதை வியாபாரப் பேச்சு என்று நினைப்பாய். ஆமாம், எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான். ஆனால் சொல்வது உண்மை. நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மீதி எட்டு மரத்திலும் அந்தச் சிவப்பு வளையம் அப்படியே இருக்கிறது. சாக்கடைப் பொறியாளருக்கு அந்த ஓரத்தில் புதுக் குழாய் போட வேண்டும். வளையம் பழைய அதிகாரி போட்டது, கோப்பில் ஏறியது, எடுக்கலாம் என்று அவர் எழுதி அனுப்பிவிட்டார். வரும் ஒன்றாம் தேதி ஆள் வருகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போனேன், நானே அழித்துவிடலாம் என்று. முதல் மரத்திலேயே காவலாளி பிடித்துவிட்டார். "ஏம்மா, மறுபடியும் நீயா" என்றார். அரசாங்க மரத்தில் கை வைத்தால் வழக்கு என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். முதல் மரத்து வளையத்தை மட்டும் பாதி அழித்திருக்கிறேன்.

வக்கீலைக் கேட்டேன். மேல்முறையீடு பதிவானால், தீர்ப்பு வரும்வரை அந்த எட்டு மரமும் சாட்சிப் பொருளாம். ரம்பம் கிட்டே வர முடியாது. நீ வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் வாங்காமல் போவதும் பிறகு. ஜெயித்த மறுநாளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். தடுப்பு உன் கையெழுத்து ஒன்றுதான். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அது அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

புது மனுவை இதோடு வைத்திருக்கிறேன். இதில் பென்சில் குறி போடவில்லை. எங்கே போடுவது என்று உனக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே என் பெயரும் நான் சொன்ன பொய்யும் இருக்கிறது. படித்துப் பார்த்து, நான் எங்காவது பூசி மெழுகியிருந்தால் அடித்துத் திருத்து. உறையில் ஆணையர் அலுவலக முகவரியே எழுதி வைத்திருக்கிறேன். என் வழியாக வர வேண்டாம். உள்ளே எனக்கென்று ஒரு வரியும் வைக்க வேண்டாம்.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் எந்த ஊரில் இருந்தாலும் நிழலில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிட்டேன்.

உங்கள் பக்கத்துத் தபால் பெட்டியைச் சனிக்கிழமை திறப்பதில்லையாம், உன் மனைவி சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போட்டுவிடப்பா.

அக்கா